திறந்து பார்க்காத பெட்டி

ஒரு காரியம் கெட்டுப்போனால், கெடுத்த கையைத் தண்டிப்பதா, அதற்கு இடம் கொடுத்தவர்களைத் தண்டிப்பதா? கதை எழுதுகிற எனக்கு இது பழகிய கேள்வி. கணிப்பொறி உலகத்தில் நடந்த ஒரு விபத்திலும் இதே கேள்வி எழுந்து நிற்பதைக் கண்டேன்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைத்துப் பகிர்ந்துகொள்ள உதவும் நிறுவனம் கிட்லாப். 2017 ஜனவரி 31 இரவு அங்கே ஏதோ பழுது. அதைச் சரிசெய்ய முயன்ற பணியாளர் ஒருவர், துணைக் கணிப்பொறியில் இருப்பதை அழிப்பதாக எண்ணி, முதன்மைக் கணிப்பொறியில் இருந்ததை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் எஞ்சியது நாலரை ஜிகாபைட்தான்.

"போனால் என்ன, நகல் இருக்குமே" என்பீர்கள். அவர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். ஐந்து விதமான காப்பு முறைகள் கணக்கில் இருந்தன. நம்பத்தக்க நிலையில் ஒன்றுகூட இல்லை. நாள்தோறும் நகல் எடுக்க வேண்டிய நிரல் பழைய பதிப்பு. தரவுத்தளமோ புதிய பதிப்பு. ஆகவே நகலே எடுக்கப்படவில்லை. அந்தத் தோல்வியைத் தெரிவித்துப் புறப்பட்ட மின்னஞ்சல்களையும், உரிய கையொப்பம் இல்லையென்று மற்றொரு யந்திரம் தள்ளிவிட்டது. மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. கேட்கக் காதுதான் இல்லை.

முடிவில் காப்பாற்றியது எது தெரியுமா? ஆறு மணி நேரத்துக்கு முன்பு, வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்து வைக்கப்பட்ட நகல் ஒன்று. எடுத்து வைத்தவர், பிற்பாடு அழித்த அதே பணியாளர்! நிறுவனம் மீண்டும் இயங்கச் சுமார் 18 மணி நேரம் ஆயிற்று. ஆறு மணி நேரத்துப் பதிவுகள் மட்டும் திரும்பவே இல்லை. அவற்றில் சுமார் 700 புதிய பயனர்களின் கணக்குகளும் அடக்கம்.

இவரைத் தண்டிப்பது தர்மமா? களைத்த கை தவறுவது மனித இயல்பு. அது ஒரு விநாடியில் நேர்ந்துவிடுகிறது. பார்க்காமல் இருப்பதோ நாள்தோறும் நடப்பது. தினமும் மன்னிப்புக் கிடைப்பதால் அது குற்றமாகவே தோன்றுவதில்லை. நகல் இருக்கிறது என்று ஏட்டில் எழுதியதும் நம் மனச்சாட்சி நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறது.

தமிழில் 'படி' என்றால் நகல். 'படி' என்றால் வாசி. ஓலையைப் பார்த்துப் படி எடுத்தவன், எழுத்தெழுத்தாகப் படித்தே எடுத்தான். யந்திரம் படிக்காமலே படி எடுக்கிறது. படிக்கும் வேலை நம்மிடமே மிஞ்சியிருக்கிறது. எடுத்த நகலை இன்னொரு கணிப்பொறியில் இறக்கி, அதிலிருந்து வேலை நடக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், செய்தவனை யாரும் பாராட்டப் போவதுமில்லை.

அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகறியச் சொன்னது. மீட்கும் வேலையையும் நேரலையில் காட்டியது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் நேர்மை, இழந்த பிறகு வந்தது. பிறர் உழைப்பை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு அவர்கள் தூங்கும்போது, பெட்டியைத் திறந்து பார்ப்பதே நாம் அவர்களுக்குத் தர வேண்டிய வாடகை.