அறுவடை நாளின் உரிமையும் பாதிக் கூலியும்

 



ராமநாதபுரம் சீமையில் இது மிளகாய்ப் பழம் பறிக்கும் காலம். அறுவடை நாளிலேயே அதன் உரிமையைக் கொடுத்துவிடும்படி அல்லாஹ் அல்அன்ஆம் அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். அதை மனதில் வைத்து நம் ஜமாஅத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர், "ஹஜ்ரத், மிளகாய்க்கு உஷ்ர் உண்டா?" என்று கேட்டார். நம் ஷாஃபி மத்ஹபில் சேமித்து உண்ணும் அடிப்படை உணவுக்குத்தான் விளைச்சல் ஜகாத், மிளகாய்க்கு இல்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் உண்டு. மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. "பேணுதலுக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். நல்ல மனிதர். துஆ செய்யக் கொல்லைக்கும் அழைத்தார்.

போனேன். பெண்களோடு மூன்று பிள்ளைகளும் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நம் மக்தபுப் பையன். பத்து நாள் வரவில்லை என்று நான் திட்டியனுப்பியவன். கண்ணில் வழிந்ததைத் தோளால் துடைத்தான். மிளகாய் பட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டுபோக முடியாதல்லவா? "ராத்திரி கை எரியும் ஹஜ்ரத், தண்ணியில வச்சுக்குவேன்" என்றான். பெரியவர்களுக்குக் கொடுப்பதில் பாதிதான் அவன் கூலி.

விவசாயியிடம் கேட்டேன். "நான் கூப்பிடவில்லை, அவன் அம்மாதான் அழைத்து வருகிறார். அவனுக்கும் இஷ்டம்தான். அனஸ் (ரலி) அவர்களும் சிறுவயதில் பணிவிடை செய்தவர்தானே?" என்றார்.

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அனஸ் (ரலி) பத்து வயதில் வந்தார்கள், பத்து வருடம் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தம்மை ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்களின் அறிவிப்பாளராக வெளியே வந்தார்கள். நம் கொல்லையிலிருந்து இந்தப் பையன் எதைக் கற்றுக்கொண்டு வெளியே போவான்?

இஷ்டம் என்கிறீர்களே, இப்னு உமர் (ரலி) அவர்கள் உஹதுக்குத் தாமாக வந்து நின்றார்கள். வயது 14. எதிரிகள் 3,000 பேர், நம்மவர்கள் சுமார் 700 பேர். ஒவ்வொரு கையும் தேவைப்பட்ட நாள் அது. இருந்தும் நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அகழ்ப் போரில் 15 வயதானபோதுதான் அனுமதி கிடைத்தது. தேவையும் சம்மதமும் போதுமென்றால் உஹதிலேயே போதுமாயிருக்கும்.

சிறுவர்கள் மீது சம்பாதிக்கும் பொறுப்பைச் சுமத்தாதீர்கள், கிடைக்காவிட்டால் திருடப் போய்விடுவார்கள் என்று உஸ்மான் (ரலி) அவர்கள் குத்பாவிலேயே எச்சரித்ததை இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் பதிவு செய்கிறார்கள். சும்மா இருந்தால் கெட்டுப்போவான் என்பது நம் பேச்சு. அவர்களின் பயம் வேறு பக்கம் இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து அத்தாவுக்கு ஒரு கூடை தூக்கிக் கொடுப்பதை நான் சொல்லவில்லை. 2016இல் திருத்திய சட்டமும் அதைத் தடுக்கவில்லை. 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலிக்கு வைப்பதைத்தான் அது தடுக்கிறது.

அல்கலம் அத்தியாயத்தில் தோட்டக்காரர்களின் வரலாறு வருகிறது. ஏழைகள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று விடியலிலேயே பறிக்கத் திட்டமிட்டார்கள், தோட்டமே கருகிப்போனது. நாம் ஏழையின் பிள்ளையை உள்ளே விடுகிறோம், பாதிக் கூலிக்கு.

அவன் அம்மாவுக்குக் கடன் இருக்கிறது. பையன் கூலியை நிறுத்தினால் வட்டி கட்ட முடியாது என்று அழுதார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு விவசாயியிடம், "உஷ்ர் கொடுக்க ஆள் தேடுகிறீர்களே, இவர்கள் உங்கள் கொல்லையிலேயே நிற்கிறார்கள்" என்றேன். ஒப்புக்கொண்டார். உடனே, "பையனுக்குக் கொடுக்காத மீதிக் கூலியை இதிலேயே கழிக்கலாமா?" என்று கேட்டார். கூடாது. கூலி உங்கள் மேல் உள்ள கடன். ஜகாத்தை வைத்து அதை அடைக்க முடியாது. வேலை வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

பத்து நாள் பாக்கியையும் அன்று மாலையே கொடுத்தார். நானும் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் இரண்டு மூன்று பறிப்பு பாக்கி இருக்கிறது. உங்கள் கூலி நோட்டை இன்று மஃரிபுக்குள் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.