‘ஒண்ணும் ஆகாது கண்ணு!’

பத்து வயதுப் பெண். ராத்திரி விளக்கை அணைத்தாகிவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது. “அம்மா, நீ செத்துப் போயிட மாட்டியே?”

நீங்கள் என்ன சொல்வீர்கள்? “சீச்சீ, என்ன பேச்சு இது? அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. தூங்கு கண்ணு!” குழந்தை தூங்கிவிடும். மறுநாள் ராத்திரி அதே கேள்வி. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை. ஒரு மாதம் கழித்து, காலையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, வாசற்படியில் ஏழு தடவை. “ஒண்ணும் ஆகாதுல்ல?” “ஆகாது.” “சத்தியமா?” “சத்தியமா!”

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘ஒண்ணும் ஆகாது’ என்று சத்தியம் செய்ய இந்த உலகத்தில் யாருக்கு அதிகாரம் இருக்கிறது? நம் கையில் இல்லாத ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதை அன்பு என்று நினைத்துக் கொள்கிறோம்.

பதற்றத்துக்கு வைத்தியம் பார்க்கிற மனநல நிபுணர்கள் சங்கடமான ஒரு விஷயம் சொல்கிறார்கள். இப்படித் திரும்பத் திரும்பத் தரும் ஆறுதல்தான் பயத்துக்குத் தீனி. பயம் ஏறுகிறது, அவள் கேட்கிறாள், நீங்கள் சொல்கிறீர்கள், பயம் சட்டென்று இறங்குகிறது. இதிலிருந்து அவள் மனசு என்ன படிக்கிறது? ‘அம்மாவுக்கு ஆபத்து இல்லை’ என்றா? இல்லை. ‘கேட்டதனால்தான் தப்பித்தேன்’ என்று! பயம் தானாக ஏறித் தானாகவே இறங்கும் என்பதைப் பார்க்க அவளுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. (ஒரு தடவை கேட்டுவிட்டு விளையாட ஓடிவிடுகிற பிள்ளைக்குத் தாராளமாக ஆறுதல் சொல்லுங்கள். அது வேறு கதை.)

சரி, அதற்காகப் பயந்து நிற்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இருப்பதா? அது எந்த ஊர் நியாயம்?

1966-ல் லண்டனைச் சேர்ந்த விக்டர் மேயர் என்ற மனோதத்துவ நிபுணர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒருவருக்கு அழுக்கு பற்றிய பயம், ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கிற பழக்கம். மேயர் என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்பத்திரியில் நர்ஸுகளைக் கூடவே காவல் வைத்து, கழுவ விடாமல் தடுத்தார். குழாயில் தண்ணீரையே நிறுத்தினார். கேட்கவே கொடூரமாக இருக்கிறது இல்லையா? ஆனால் இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்தது. இன்று உலகம் முழுக்க நடக்கிற ஒரு முக்கியமான சிகிச்சை அங்கிருந்து வளர்ந்ததுதான். இப்போது யாரும் குழாயை மூடுவதில்லை. நோயாளியே தன் பயங்களைச் சின்னதிலிருந்து பெரிசுவரை பட்டியல் போடுகிறார். எதில் தொடங்கலாம் என்று அவரோடு கலந்து பேசித்தான் முடிவாகிறது.

கிராமத்தில் கிணற்று நீச்சல் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி, ‘இப்ப விடப்போறேன், நான் பக்கத்துலயே இருக்கேன்’ என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்கிற மாமா ஒருவர். ‘பயம் தெளியட்டும்’ என்று பின்னாலிருந்து தள்ளிவிட்டுச் சிரிக்கிற மாமா இன்னொருவர். இரண்டு பையன்களும் குடிப்பது அதே கிணற்றுத் தண்ணீரைத்தான். ஆனால் இரண்டாவது பையன் மாமாவை நம்புவதையும் சேர்த்து நிறுத்திவிடுகிறான். முன்கூட்டிச் சொன்னோமா, பக்கத்தில் இருக்கிறோமா? என்னைக் கேட்டால் நியாயம் அநியாயம் எல்லாம் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

பெரியவர்களிடம் சம்மதம் கேட்கலாம். பத்து வயதுப் பெண்ணிடம்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். குழந்தையை விட்டுவிட்டு, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி! பதற்றம் உள்ள 124 பிள்ளைகளைக் கொண்டு 2020-ல் வெளிவந்த அவருடைய ஆய்வில், இந்த முறை பிள்ளைக்கு நேரடியாகத் தருகிற சிகிச்சைக்குக் குறையாத பலன் தந்தது.

அதில் பெற்றோர் சொல்லப் பழகுகிற வார்த்தை இரண்டே பகுதிதான். ‘உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. உன்னால இதைத் தாங்க முடியும்னு நம்பறேன்.’ இதில் சத்தியம் இல்லை, பொய்யும் இல்லை. அதோடு, இனிமேல் எதைச் செய்யப் போவதில்லை, ஏன் என்பதையும் பிள்ளையிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். ஏழு தடவைக்குப் பதில் ஒரு தடவைதான் பதில் என்றால், அதை முந்தின நாளே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். வேன் வந்து நிற்கும்போது அல்ல.

முதல் சில நாள் அவள் அழலாம், கத்தலாம், “உனக்கு என்மேல பாசமே இல்லை” என்றும் சொல்லலாம். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்வதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். உண்மையில் அந்த ‘ஒண்ணும் ஆகாது’ பாதி நம் நிம்மதிக்காகச் சொன்னதுதானே!

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது அவள் நேரே கூடத்துக்கு ஓடுவாள். அங்கே பாட்டி உட்கார்ந்திருப்பார். “அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுடி தங்கம், பாட்டி சொல்றேன்ல!” பாட்டியிடம் இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது என்று நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் முதலில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.