சீரோஸில் ஈஸ்டர் எப்போது?

2024 மார்ச் 31. உலகம் பூராவும் கத்தோலிக்கர்களுக்கு ஈஸ்டர். நான் கிரேக்கத் தீவான சீரோஸில், எர்முபோலி துறைமுகத்து யார்டில் இருந்தேன். எங்கள் கப்பல் பழுது வேலைக்காக டாக்கில் ஏறியிருந்தது. நான் தூத்துக்குடிக்காரன், பனிமய மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன். கரையில் ஒரு ஈஸ்டர் வாய்த்து ஏழெட்டு வருஷம் இருக்கும். காலையிலேயே குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஆனோ சீரோஸ் குன்றின் படிகளில் மூச்சு வாங்க ஏறினேன். உச்சியில் புனித ஜார்ஜ் பேராலயம். கத்தோலிக்கக் கோயில்தான், விசாரித்துவிட்டுத்தான் போனேன்.

பூசை நடந்தது. ஆனால் சாமியார் ஊதா உடுப்பில் இருந்தார். அல்லேலூயா இல்லை. பாஸ்கா திரி இல்லை. இவர்களுக்குத் தவக்காலமே இப்போதுதான் தொடங்கியிருந்தது.

சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள். "ஏய்யா, பூசை கண்டியா? அங்க எப்படி, விசேஷமா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன். பூசை கண்டது உண்மை. மற்றது பொய்.

மறுநாள் யார்டில் ஒரு வயதான வெல்டரிடம் கேட்டேன். அவரும் கத்தோலிக்கர். கிரேக்கத்தில் கத்தோலிக்கர்கள் ரோமின் அனுமதியோடு ஆர்த்தடாக்ஸ்காரர்களின் நாளிலேயே ஈஸ்டர் கொண்டாடுகிறார்களாம். அந்த வருஷம் அது மே 5. ஐந்து வாரம் கழித்து! எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. பெரும்பான்மைக்குப் பயந்து பண்டிகையையே மாற்றிக்கொள்வதா?

கணக்கு இப்படி. மார்ச் 21-ஐச் சம இரவு நாளாக வைத்து, அதற்குப் பிறகு வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான், நாட்காட்டிதான் வேறு. 1582-இல் ரோம் திருத்திய நாட்காட்டியைக் கிழக்கத்திய சபைகள் ஏற்கவில்லை. பழைய ஜூலியன் கணக்கு இன்றைக்கு 13 நாள் பின்தங்கி நிற்கிறது. மார்ச் 25-இல் வந்த பௌர்ணமி அதில் மார்ச் 12, அதனால் செல்லாது. அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டும். அது ஏப்ரல் 24 அதிகாலையில் வந்தது, டாக் மேலிருந்து நானே பார்த்தேன். ஆனால் பழைய அட்டவணைப்படி பௌர்ணமி ஏப்ரல் 28. வானத்தில் நிலா நாலு நாளாகத் தேய்ந்துகொண்டிருக்க, தாளில் இருக்கிற நிலாவுக்காக ஒரு ஊரே காத்திருந்தது. அந்தத் தாள் தவறு என்று அந்த வெல்டருக்கும் நன்றாகத் தெரியும்.

இது என்னை ஏன் இவ்வளவு குடைந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சபையில் சேர்ந்தாள். டிசம்பர் 25 பைபிளில் இல்லை, அதனால் கிறிஸ்துமஸ் கிடையாது என்றாள். நான் விடவில்லை. "நாள் சரியோ தப்போ, அம்மாவுக்காக வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்றேன். "பொய்யான நாள்ல வந்து உக்கார மாட்டேன்ணே" என்றாள். அதோடு பேச்சு நின்றது. நாலு வருஷம்.

உண்மையா, உறவா என்று கேள்வியை வைத்தால் நான் உறவின் பக்கம் நிற்பவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியானால் சீரோஸ்காரர்கள் மீது எனக்கு ஏன் கோபம்? விட்டுக்கொடுக்க வேண்டியது என் பக்கம் என்றவுடன் நான் நாட்காட்டியைத் தூக்கிக்கொண்டேன். அவ்வளவுதான் விஷயம்.

வரலாற்றைப் பார்த்தால் 'பயம்' என்ற வாதம் அவ்வளவு எளிதில் நிற்காது. ஒரு காலத்தில் இந்தத் தீவே கத்தோலிக்கத் தீவு. 1820-களின் விடுதலைப் போரில் கியோஸ், ப்ஸாரா, ஸ்மிர்னா பக்கங்களிலிருந்து தப்பி ஓடிவந்த ஆர்த்தடாக்ஸ் அகதிகள் கடற்கரையில் கட்டிய ஊர்தான் எர்முபோலி. கப்பலில் வந்தால் இரண்டு குன்றுகள் தெரியும். இடது பக்கம் கத்தோலிக்கரின் புனித ஜார்ஜ், வலது பக்கம் ஆர்த்தடாக்ஸ்காரரின் உயிர்ப்புக் கோயில். நடுவில் சந்தை, கல்யாணம், கடன், சண்டை எல்லாம் கலந்துவிட்டது. வெல்டரின் மனைவி ஆர்த்தடாக்ஸ். "அவ மே 5-க்குத்தான் முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடுவா. மார்ச் 31-ல நான் யாரோட முட்டை உடைக்கிறது?" என்றார். ஈஸ்டர் அன்று சிவப்பு முட்டைகளை ஒன்றோடொன்று மோதி உடைப்பது அங்கே வழக்கம். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஆனால் அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. போப்பாண்டவரை விடவில்லை. நற்கருணை இன்னும் தனித்தனிதான். நாளை மட்டும் கொடுத்தார்கள். அதுவும் சும்மா கிடைத்ததில்லை; ரோமோடும் உலகத்தோடும் சேர்ந்து கொண்டாடுவதை இழந்து, பக்கத்து வீட்டோடு கொண்டாடுகிறார்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 1924-இல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை ஈஸ்டரை விட்டுவிட்டு, கிறிஸ்துமஸ் மாதிரி தேதி மாறாத பண்டிகைகளைப் புதிய நாட்காட்டிக்கு மாற்றியபோது, ஏற்காதவர்கள் பிரிந்து போனார்கள். பழைய நாட்காட்டிக்காரர்கள் என்று இன்றும் தனியாக இருக்கிறார்கள். 13 நாளுக்காகவா என்று கேட்கலாம். அவர்களுக்கு அது 13 நாள் இல்லை. என் தங்கைக்கும் அது ஒரு சாப்பாடு இல்லை. இதை எழுதும்போது எனக்குப் புரிகிறது, அன்று புரியவில்லை.

மே 3, பெரிய வெள்ளி இரவு. ஏசுவின் திருவுடலைக் குறிக்கும் பூ அலங்காரச் சப்பரங்கள் மூன்று பங்குகளிலிருந்து வந்து மியாவுலி சதுக்கத்தில் சேர்ந்தன. பளிங்குத் தரை முழுக்க மெழுகு. மேலே ஆனோ சீரோஸின் சந்துகளில் கத்தோலிக்கர்களின் பவனி. கீழே நின்றால் இரண்டும் ஒரே துக்கம். ஆள் வராத மாசங்களில் பூட்டிக் கிடந்த கடைகளுக்கு அந்த வாரம்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

சனிக்கிழமை நள்ளிரவு புனித ஜார்ஜில் அல்லேலூயா கேட்டேன். ஞாயிறு மத்தியானம் வெல்டர் வீட்டில் ஆட்டுக்கறி. அவர் மனைவி என் முட்டையை ஒரே இடியில் உடைத்தார். நான் ஒரு உபதேசத்தைத் தயாராக வைத்திருந்தேன், ஊருக்குப் போய்த் தங்கையிடம் சொல்ல: பார், ஒரு தீவே விட்டுக்கொடுத்திருக்கிறது. அதை வெல்டரிடம் ஒத்திகை பார்த்தேன்.

அவர் தலையை ஆட்டினார். "நாங்களாக் கொடுத்தோம். அவங்க வந்து கேட்டிருந்தா எங்கப்பா கொடுத்திருக்க மாட்டாரு."

சாப்பிட்ட பிறகு அம்மாவுக்குப் போன் பண்ணி, இன்றைக்குத்தான் இங்கே ஈஸ்டர் என்றேன். "அப்ப அன்னைக்கு?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஈஸ்டர் ஒரு நாளுதான்யா" என்று வைத்துவிட்டாள்.

அந்த டிசம்பரில் லீவில் இருந்தேன். 25-ஆம் தேதி தங்கையைக் கூப்பிடவில்லை. 26 அன்று நானே அவள் வீட்டுக்குப் போனேன், கேக் கொண்டுபோகவில்லை, ரெண்டு கிலோ விளைமீன் வாங்கிப் போனேன். குழம்பு வைத்தாள். யாரும் பண்டிகை என்ற சொல்லை எடுக்கவில்லை. கிளம்பும்போது, "அம்மா எப்படி இருக்காண்ணே?" என்று கேட்டாள்.

நான் போனது அம்மாவுக்கு இன்னும் பிடிக்கவில்லை.