மனமும் இனமும்

ஒருவனுடைய ஒழுக்கம் அவன் உள்ளத்தில் பிறக்கின்றதா, அவன் சேரும் கூட்டத்தில் பிறக்கின்றதா? இவ்வினாவைத் திருவள்ளுவர் 'சிற்றினம் சேராமை' என்னும் அதிகாரத்தில் எடுத்து ஆராய்கின்றார். நிலத்தின் இயல்பால் நீரின் சுவை மாறுவதுபோல, சேர்ந்த இனத்தின் இயல்பால் அறிவும் மாறும் என்பது அவர் துணிபு. ஈண்டு இனம் என்றது பிறப்பால் வாய்த்த குலத்தையன்று. நாமே தேடிச் சேர்கின்ற கூட்டத்தை. நாமே தேடிக்கொள்வது ஆதலின் அதற்கு நாமே பொறுப்பும் ஆகின்றோம்.

கிறித்தவ மறையும் இதனையே வலியுறுத்துகின்றது. சங்கீதங்களுள் முதலாவது, தீயோரோடு நடத்தல், நிற்றல், அமர்தல் என்னும் மூன்றனையும் விலக்குகின்றது. போகிற போக்கில் உடன் நடந்தவன் சற்றே நிற்கிறான். நின்றவன் பின்னர் அமர்ந்துவிடுகிறான். வீழ்ச்சி ஒரு நாளில் வருவதன்று என்பது இதனால் விளங்கும். பவுலடியாரும் கொரிந்து நகரத்தார்க்குத் தீய சேர்க்கையைக் குறித்து எச்சரிக்கை விடுத்தார். ஆயின் இயேசு பெருமானோ ஆயக்காரரோடும் பாவிகள் எனப்பட்டோரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார், அதற்காகப் பழிக்கவும்பட்டார். இவ்விரண்டையும் எங்ஙனம் பொருத்துவது? முன்னதை மட்டும் பற்றினால் கிறித்தவன் கதவை அடைத்துக்கொண்டு வாழ நேரும். பின்னதை மட்டும் பற்றினால் தன்னை இழந்துவிடவும் கூடும். இதற்கு விடையை நாம் வாழும் இத்தில்லி மாநகரிலேயே, காஷ்மீரி கேட் பகுதியில் வாழ்ந்த இருவர் வரலாற்றில் காணலாம்.

கேம்பிரிட்ஜ் மறைப்பணிக் கழகத்தார் 1881-இல் தில்லியில் தூய ஸ்டீபன் கல்லூரியை நிறுவினர். வங்கக் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த சுசீல் குமார் ருத்ரா 1886-இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்தார். 1904-இல் இங்கிலாந்திலிருந்து சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ் என்னும் இளம் குருவானவர் அக்கல்லூரிக்கு வந்தார். ஆள்வோர் கூட்டம் அவருக்கு ஆயத்தமாக இருந்தது. நிறத்தால் தம்மவர், மொழியால் தம்மவர், சமயத்தாலும் தம்மவர். அவர்களோடு மாலைப்பொழுதைக் கழிப்பதில் குற்றம் காண்பார் எவருமிலர். ஆயினும் ஆண்ட்ரூஸ் ருத்ராவின் நட்பை நாடினார். பழைய தில்லியின் முதிய இசுலாமிய அறிஞர் ஜகாவுல்லாவிடம் சென்று அமர்ந்தார். 1910-இல் மறைந்த அப்பெரியவரைப் பற்றிப் பின்னாளில், 1929-இல், ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். எவரோடு உரையாடுவது, எவர் வீட்டில் உண்பது என்பன சிறு செயல்களே. அவற்றை நாள்தோறும் ஒரே திசையில் செய்துவந்தார் அவர்.

அச்சிறு செயல்களின் விளைவு 1906-இல் வெளிப்பட்டது. கல்லூரி முதல்வர் பதவி காலியாயிற்று. ஓர் ஆங்கிலேயரே அப்பதவியில் அமர வேண்டும் என்ற எண்ணம் வலுத்திருந்த காலம் அது. ஆண்ட்ரூஸ் அதனைத் தமக்கென்று ஏற்கவில்லை. பல்லாண்டு பணியாற்றிய ருத்ராவே உரியவர் என வற்புறுத்தினார். ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். 1923 வரை அப்பதவியில் இருந்தார். நட்பின்றி இம்முடிவு பிறந்திருக்குமா என்பது ஐயமே. நண்பனின் தகுதியை நாள்தோறும் கண்ட கண்ணுக்கே அநீதி அநீதியாகத் தோன்றும்.

1914 சனவரியில், கோகலேயின் வேண்டுகோளுக்கிணங்கி ஆண்ட்ரூஸ் தென்னாப்பிரிக்கா சென்றார். தர்பன் துறைமுகத்தில் காந்தியடிகளின் காலைத் தொட்டு வணங்கினார். அங்கிருந்த வெள்ளையர் பலர் வெகுண்டனர். அவ்வறப்போரில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் நின்றதும், சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர்நீத்ததும் நாம் அறிந்தவை. தில்லியில் ஒரு நண்பரோடு தொடங்கிய சேர்க்கை, கடல் கடந்து நம்மவர் துயரில் பங்குகொள்ளும் அளவுக்கு விரிந்தது.

இனி ருத்ராவைக் காண்போம். 1915 முதல் காந்தியடிகள் தில்லிக்கு வரும்போதெல்லாம் அவர் வீட்டிலேயே தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாகிரகம் அறிவித்தபின், தம்மால் ருத்ராவுக்கும் கல்லூரிக்கும் தீங்கு நேரலாம் என அஞ்சி, வேறிடம் செல்ல முன்வந்தார். ருத்ரா இசையவில்லை. அவர் கூறிய மறுமொழியை, 1925-இல் அவர் மறைந்தபோது காந்தியடிகள் 'யங் இந்தியா'வில் எழுதினார். தம் சமயம் பிறர் எண்ணுவதினும் ஆழமானது என்றும், தம் கருத்துகள் நெடிய செபத்தின் பின் உருவானவை என்றும், ஆங்கிலேயரிடையே தமக்குள்ள செல்வாக்கு, இந்நட்பு ஆகிய இரண்டில் ஒன்றை இழக்க நேர்ந்தால் எதனைக் கைவிடுவது என்பது தமக்குத் தெரியும் என்றும் ருத்ரா கூறினாராம். கிலாபத் குறித்து வைசிராய்க்கு விடுத்த திறந்த மடலும் அவ்வீட்டிலேயே உருவாயிற்று.

நாம் தேடிய விடை இம்மறுமொழியில் இருக்கின்றது. விருந்தினர் வாயிலில் வந்து நின்றபோது ருத்ரா புதிதாக முடிவெடுக்கவில்லை. பல்லாண்டுச் செபத்தில் அம்முடிவு முன்னரே பழுத்திருந்தது. பிறர் புகழ்ச்சியை வேண்டி ஒரு பந்தியில் அமர்பவனை அப்பந்தி மாற்றிவிடும். இறைவன்முன் தன்னை நாள்தோறும் நிறுத்திக்கொள்பவனோ எப்பந்தியிலும் அன்பு செய்ய அமர்வான், தன்னை இழக்கமாட்டான். பவுலடியார் எச்சரித்தது முன்னவனை; இயேசு பெருமான் வாழ்ந்து காட்டியது பின்னவனுக்கு.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. ஆண்ட்ரூஸின் ஆன்மாவுக்கு நேரக்கூடிய கேடு, இசுலாமியப் பெரியவரிடமிருந்தோ இந்து நண்பரிடமிருந்தோ வருவதன்று. தம் சமயத்தவரே நிறைந்த, ஆனால் ஆளும் செருக்கு மண்டிய கூட்டமே அவருக்குச் சிற்றினமாகியிருக்கும். சிற்றினம் இன்னதெனப் பரிமேலழகர் விளக்குமிடத்தும் சமயப் பெயர் எதுவும் இல்லை. நன்மைக்கும் தீமைக்கும் வேறுபாடு இல்லை என்பாரையே அவர் முதலில் நிறுத்துகின்றார். தமிழகத்திலும், கத்தோலிக்கராகிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் சைவப் பெருங்கவிஞர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் நண்பர்களாய் வாழ்ந்தனர். மகாவித்துவான் தம் நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் 'குளத்தூர்க் கோவை' பாடினார். அந்நட்பால் ஒருவர் நெறி மற்றவர்க்குத் தாழவில்லை.

பிழைப்பின் பொருட்டுத் தலைநகர்க்கு வந்த நாம், ஊரும் உறவும் காணாத இடத்தில் நம் சேர்க்கையை நாமே அமைத்துக்கொள்கின்றோம். அலுவலகத்தில் தேநீர் வேளையில் ஒருவரை இகழ்ந்து பேசுங்கால் உடன் சிரிக்கின்றோமா, எழுந்து போகின்றோமா? கோப்பு நகர்வதற்குக் கை நீட்டுவோரிடை அமர்ந்து, நாளடைவில் அதனை வழக்கம் என்று ஏற்கின்றோமா? ஞாயிறு வழிபாட்டில் அருகமர்ந்த ஏழையின் பெயரேனும் நமக்குத் தெரியுமா? சாதி பார்த்துச் சேரும் கூட்டத்தைச் சமயத்தின் பெயரால் மூடி மறைக்கின்றோமா? கிறித்தவன் தன் ஆன்ம வாழ்வைச் சோதித்தறிய இவ்வினாக்கள் போதும். பிற சமயத்தார்க்கும் இவை பொருந்தும்.

பெரிய சோதனை எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அது வரும் நாளில் புதிய மனிதராய் மாறிவிட இயலாது. அதுவரை எவரோடு அமர்ந்தோமோ, எதனைத் தனியிடத்தில் வேண்டினோமோ, அவற்றால் அமைந்த மனத்தோடுதான் அன்றும் நிற்போம். ஆகலின் இன்றைய சேர்க்கையையும் இன்றைய செபத்தையும் செம்மை செய்வோமாக.