நாவு மந்தமென்று அஞ்சாதேயுங்கள்



சென்ற வாரம் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருத்தி கண்ணீரோடு வந்து நின்றாள். "சாமி, பையன் இனிக் காலேஜுக்குப் போகமாட்டானாம்; திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறான்" என்றாள். பையனை வரவழைத்து விசாரித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து நல்ல மார்க்கு வாங்கியவன். விசை தெரியும், முடுக்கம் தெரியும். அவற்றின் இங்கிலீஷ் பெயர்தான் தெரியாது. ஒருநாள் துணிந்து எழுந்து கேள்வி கேட்டிருக்கிறான். வார்த்தை பிசகிற்று, வகுப்பு சிரித்தது. அன்று மூடிய வாயை அவன் பிறகு திறக்கவேயில்லை.

அவனுக்குச் சொன்னதையே, இவ்வருடம் பட்டப்படிப்பில் சேர்ந்துள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுகிறேன்.

1542-ல் அர்ச். சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. பாரீஸ் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, அங்கே போதித்தும் வந்தவர் அவர். ஆயினும், தமிழும் போர்த்துகீசும் அறிந்தவர்களைக் கூட்டி, செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, சிறு பிள்ளையைப்போல் மனப்பாடம் பண்ணினார். கையில் மணியோடு தெருத்தெருவாய் நடந்து, ஜனங்களைக் கூட்டிக் கற்பித்தார். பின்னர் ஒரு பிழை தெரியவந்தது. விசுவாச மந்திரத்தில் "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில், "எனக்கு வேணும்" என்று சொல்லி வந்திருக்கிறார்கள்! மந்திரத்தின் அஸ்திவாரமான சொல்லே தவறு. அர்ச்சியசிஷ்டவர் வெட்கப்பட்டுக் கப்பலேறிப் போய்விட்டாரா? இல்லை. தம்மோடு உழைத்த மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, அச்சொல்லைத் திருத்தச் சொன்னார். வேலை தொடர்ந்து நடந்தது.

பிள்ளைகளே, பிழை பாவமல்ல. பிழைக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்வதே நஷ்டம். முன்பே தெரிந்த பல பொருள்களுக்கு நீங்கள் இப்போது வேறு பெயர் கற்கிறீர்கள். இரவுதோறும் ஒரு நோட்டில் பத்துச் சொற்களைத் தமிழும் இங்கிலீஷுமாக எதிரெதிரே எழுதுங்கள். விளங்காததை ஆசிரியரிடம் தமிழிலேனும் கேளுங்கள். கேளாமல் வீடு திரும்பாதேயுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தன் நாவு மந்தமானதென்று மோயீசன் முறையிட்டபோது, சர்வேசுரன் அவரைத் தள்ளிவிடவில்லை. பேச்சு வல்ல சகோதரன் ஆரோனைத் துணையாகத் தந்தார். மோயீசனின் நாவைக் கண்டு ஆரோன் சிரித்ததாக வேதத்தில் எங்குமில்லை. இங்கிலீஷ் கற்றவர்களே, இப்பிள்ளைகளுக்கு நீங்களே ஆரோன். வருகிற ஞாயிறு முதல், இரண்டாம் பூசைக்குப்பின் ஒரு மணி நேரம் பங்கு இல்லத்தில் இவர்களோடு உட்காருங்கள். பெற்றோரே, "இவ்வளவு பணங்கட்டியும்" என்று குத்திக்காட்டாதேயுங்கள்.

அந்தப் பையன் திங்கட்கிழமை காலை மறுபடியும் பஸ் ஏறினான். இனி எத்தனை நாள் ஏறுவான் என்பது அவன் கையில் மட்டுமல்ல, நம் கையிலும் இருக்கிறது.

அப்போஸ்தலர்களின் நாவைத் திறந்த இஸ்பிரீத்துசாந்துவானவர், நம் பிள்ளைகளின் நாவையும் நம் இருதயத்தையும் திறப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சாமி