தானே கற்றவர் உண்டோ?



“எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே தையல் கற்றேன்” என்று சொல்வோர் நம் பக்கத்து ஊர்களில் பலர். பழைய ரவிக்கையைப் பிரித்து, செய்தித்தாளில் வைத்து வரைந்து, வெட்டிக் கெடுத்து, மறுபடி தைத்துத் தேறியவர்கள் அவர்கள். இன்று கைபேசியைப் பார்த்துக் கற்பவர்களும் உண்டு. அந்த முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் ஒன்றைச் சிந்தியுங்கள். பிரித்த அந்த ரவிக்கையை முதலில் வெட்டித் தைத்தவர் யார்? பெயர் தெரியாத அவரன்றோ முதல் ஆசிரியர்! 1863-ஆம் ஆண்டில் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையற்காரர், பல அளவுகளில் காகித மாதிரிகள் செய்து விற்கத் தொடங்கினார். தையற்கடைக்குள் இருந்த வெட்டும் வித்தை அதனால் பல வீடுகளுக்கும் சென்றது. ஆகவே தனியே கற்றவரும் கடன்பட்டவரே.

தனியே கற்பதில் ஒரு குறையும் உண்டு. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. கைக்குழி சரியாக வெட்டப்படாவிட்டால், கையைத் தூக்கும்போது துணி இழுக்கும். ஏதோ சரியில்லை என்று தைத்தவருக்குத் தெரியும். ஆனால் “இங்கேதான் தவறு” என்று விரல் வைத்துக் காட்ட அனுபவசாலி ஒருவர் வேண்டும்.

ஸ்பெயின் நாட்டில் கெதாரியா என்னும் கடற்கரைச் சிற்றூரில் 1895-இல் பிறந்தவர் கிறிஸ்தோபல் பலென்சியாகா. அவர் தாயார் தையல் வேலை செய்து பிழைத்தவர். சிறுவனின் திறமையைக் கண்ட காசா தோரெஸ் சீமாட்டி அவனை ஆதரித்தார். பின்னாளில் பாரிஸ் நகரில் அவர் பெரும்புகழ் பெற்றபோது, ஆந்த்ரே கூரேஜ் என்ற இளைஞர் அவரிடம் பல ஆண்டுகள் பணியாற்றிக் கற்று, 1961-இல் தனியே தொழில் தொடங்கினார். பெற்ற உதவி இப்படித்தான் அடுத்தவர் கைக்குப் போகிறது.

“கற்றுக்கொடுத்தால் நாளை எனக்கே எதிர்க்கடை போடுவாளே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான அச்சந்தான். கூலி வேலையை நம்பிய வீட்டில் நாலு ரவிக்கை குறைந்தாலும் அடுப்பில் தெரியும். ஆனால் நம் மாவட்டத்துத் தளவாய்புரத்தைப் பாருங்கள். நைட்டி தைப்பதற்குப் பெயர்பெற்ற ஊர் அது. பலர் ஒரே தொழிலைச் செய்யும் ஊருக்கு வியாபாரி தேடி வருவான், துணியும் நூலும் அருகில் கிடைக்கும், தையல் இயந்திரம் பழுது பார்ப்பவனும் பக்கத்திலேயே இருப்பான். ஒருத்தி மட்டும் தைக்கும் ஊருக்கு இவையெல்லாம் வருமா?

இதில் கற்பவருக்கும் கடமை உண்டு. சொல்லித்தந்தவரின் வாடிக்கைக்காரரை மறைவில் இழுப்பதும், அவரைவிடக் கூலியைக் குறைத்து அவர் பிழைப்பைக் கெடுப்பதும் நன்றிகேடு. தையற்கடையில் காஜா எடுக்கும் பையன் பொறுமையாய் இருந்துதான் கத்தரிக்கோலைத் தொடுகிறான். அந்தப் பணிவு எல்லோருக்கும் வேண்டும்.

ஆனைக்குட்டத்துத் தாய்மார்களே! பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போய்க்கொண்டே, வேறொரு கைத்தொழிலுக்கு ஏங்கும் பெண் உங்கள் தெருவிலேயே இருப்பாள். வெட்கத்தால் கேட்கமாட்டாள். நீங்களே கூப்பிடுங்கள். வாரத்தில் ஒரு மாலை உங்கள் இயந்திரத்தருகே அவளை உட்கார வையுங்கள். கற்க விரும்பும் மகளே! நீயும் தைத்ததை ஒளிக்காதே. தைக்கத் தெரிந்த அக்காள் ஒருத்தியிடம் கொண்டுபோய், “குறை எங்கே, சொல்லுங்கள்” என்று கேள். ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல, அங்கேதான் பள்ளிக்கூடம் தொடங்குகிறது.