எழுதிய கை யாருடையது?

வை.மு. கோதைநாயகி அம்மாள் தன் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை உருவாக்கியபோது அவருக்குத் தடையில்லாமல் எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். நாடகம் 1924இல் நூலானது. அடுத்த ஆண்டு ‘ஜகன்மோகினி’ இதழைக் கோதைநாயகி ஏற்று நடத்தத் தொடங்கினார். வாழ்நாளில் 115 நாவல்கள் எழுதினார். தன் எழுத்தைத் தானே வெளியிட்டு, அதற்கான வாசகர்களையும் தானே திரட்டிக்கொண்டவர். சுயாதீன எழுத்தாளர் என்ற சொல்லுக்குத் தமிழில் முதலில் சொல்ல வேண்டிய பெயர்களில் ஒன்று அவருடையது. ஆனால் அந்தச் சுயாதீனத்தின் முதல் பிரதியில் இருந்தது இன்னொரு பெண்ணின் கையெழுத்து.

இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. பிறர் உதவியில் நிற்கும் ஒருத்தியைச் சுயாதீனமானவள் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால், அந்த உதவிக்கு அவள் யாருக்கு, என்ன கடன்பட்டிருக்கிறாள்?

ஆண் எழுத்தாளர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சோறும் காப்பியும் வேளை தவறாமல் வரும் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறவரைத் ‘தனித்து இயங்குபவர்’ என்கிறோம். டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலின் பகுதிகளை அவருடைய மனைவி சோஃபியா திரும்பத் திரும்பப் படியெடுத்தார். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே அதைச் செய்தார். அதனால் டால்ஸ்டாயின் தனித்துவம் குறைந்துவிட்டதாக எவரும் சொன்னதில்லை. உதவி பெறுவதல்ல, பெற்ற உதவி கண்ணில் படுவதுதான் பெண்ணுக்குக் குறையாக எண்ணப்படுகிறது.

சோஃபியாவும் படியெடுத்தார், பட்டம்மாளும் எழுதிக் கொடுத்தார். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். மனைவி என்ற இடத்தில் இருப்பவருக்கு ‘இன்று முடியாது’ என்று சொல்வது எளிதல்ல. தோழிக்கு அந்த வாய்ப்பு உண்டு. மறுக்கக்கூடிய ஒருத்தி மறுக்காமல் செய்வதைத்தான் நான் தோழமை என்பேன். மறுக்க வழியில்லாமல் செய்வது, எவ்வளவு அன்போடு செய்தாலும், வீட்டுவேலையின் இன்னொரு பகுதிதான்.

இதை ஒரு கோட்பாடாக மட்டும் சொல்லவில்லை. பதினான்கு ஆண்டுகளாக மெய்ப்பு பார்த்தும் மொழிபெயர்த்தும் இடையிடையே என் சொந்தக் கட்டுரைகளை எழுதியும் வாழ்கிறேன். மாதச் சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை. காய்ச்சல் வந்தால் அந்த வாரத்து வருமானம் இல்லை. வேலை முடிந்து நான்கு மாதம் கழித்துச் சன்மானத்தைக் கேட்டால், “இலக்கியத்துக்காகச் செய்யறீங்கன்னு நினைச்சோம்” என்று பதில் வரும். வீட்டில் இருப்பதாலேயே எனக்கு வேலை இல்லை என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்துவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துவது முதல் மருத்துவமனையில் துணைக்கு இருப்பது வரை எல்லாவற்றுக்கும் என் பெயர்தான் முதலில் வரும்.

ஒரு கட்டத்தில் எங்களில் ஆறு பேர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சந்திக்கத் தொடங்கினோம். முதல் சில மாதங்கள் எழுத்தைப் பற்றி அதிகம் பேசியதாக நினைவில்லை. காசைப் பற்றித்தான் பேசினோம். ஒரே பதிப்பகம் மெய்ப்புக்கு எனக்குப் பக்கத்துக்குப் பத்து ரூபாயும் இன்னொருத்திக்குப் பதினெட்டு ரூபாயும் தருவது அப்போதுதான் தெரிந்தது. கூடுதலாகப் பெற்றவள் அதை வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். அடுத்த வேலைக்கு நானும் பதினெட்டு கேட்டேன், கிடைத்தது. சக எழுத்தாளரின் ஆதரவு என்றதும் கட்டியணைப்பதும் கண்ணீர் துடைப்பதும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அது முதலில் ஓர் எண்ணாக வந்தது.

வர்ஜீனியா வூல்ஃப் 1929இல் வெளியிட்ட ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ நூலில், எழுத நினைக்கும் பெண்ணுக்குப் பணமும் பூட்டக்கூடிய அறையும் வேண்டும் என்றார். ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு என்று கணக்கும் சொன்னார். அந்த இரண்டை மட்டும்தான் நாம் மேற்கோள் காட்டுகிறோம். பெரும் படைப்புகள் எவரும் தனியே பெற்றெடுப்பவையல்ல, பலர் நெடுங்காலம் சேர்ந்து சிந்தித்ததன் விளைவு என்றும் அதே நூலில் அவர் வாதிடுகிறார். அறை தனிமையைத் தரும். அந்தத் தனிமையில் எழுதியதை நம்பிக் கையில் கொடுக்க ஒருவர் வேண்டும். துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் அடைக்கப்பட்டிருந்த சல்மாவின் கவிதைகள் வெளியே வந்தது அவருடைய தாய் வழியாக. அந்தத் தாயும் கட்டுப்பாடுகளுக்குள் இருந்தவர்தான். முழுச் சுதந்திரம் உள்ளவர்களால்தான் உதவ முடியும் என்றில்லை.

ஆதரவு என்றால் பாராட்டு மட்டும்தானா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. ‘நீ எழுதி என்ன ஆகப்போகிறது’ என்று காலமெல்லாம் கேட்டு வளர்ந்த பெண் தன் முதல் கதையை நீட்டும்போது, அதன் குறையைச் சொல்வது நேர்மையா, கொடுமையா? பாராட்டு முதலுதவி என்று நினைக்கிறேன். இரத்தம் வழியும்போது கட்டுப்போடத்தான் வேண்டும். அந்தக் கட்டை ஆண்டுக்கணக்கில் அவிழ்க்காமல் விட்டால் புண் ஆறாது. எங்களுக்குள் நாங்களே பாராட்டிக்கொண்டே இருந்தால், ‘பெண்கள் எழுதியதற்கு இது போதும்’ என்று வெளியே சொல்கிறவர்களின் குரலை நாங்களே பேசுகிறோம் என்று பொருள்.

எங்கள் சந்திப்பு ஒன்றில் இது சோதனைக்கு வந்தது. ஒருத்தி தன் தாயின் தனிமையைப் பற்றிய கதையை வாசித்தாள். எல்லோருக்கும் கண் கலங்கியது. எங்களில் ஒரே தலித் பெண்ணான தோழி மட்டும் கேட்டாள்: “இதுல வர்ற எல்லாருக்கும் பேரு இருக்கு. முத்தம் தெளிக்க வர்றவங்களுக்கு மட்டும் ஏன் பேரு இல்லை?” யாரும் பேசவில்லை. கதை எழுதியவள் பிறகு, “எப்படி எழுதணும்னு நீயே சொல்லேன்” என்றாள். தோழி மறுத்தாள். “கேட்கிறது என் வேலை. எழுதிக் கொடுக்கிறது என் வேலை இல்லை. எங்க அம்மா உங்க வீட்டு வேலையச் செஞ்ச மாதிரி உங்க கதை வேலையையும் நான் செய்யணுமா?”

அவள் மறுத்தது சரி என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ‘சக’ எழுத்தாளர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டதால் சமம் வந்துவிடுவதில்லை. ஆதரவு தரும் வேலை குழுவுக்குள்ளும் சிலர்மீதே விழும். சாதியைப் பற்றி விளக்க ஒருத்தி, அழுகிறவளைத் தேற்ற ஒருத்தி, எல்லோர் பிரதிக்கும் ஒற்றுப்பிழை பார்க்க ஒருத்தி என்று தானாகவே பிரிந்துவிடும். வீட்டில் எதை எதிர்த்தோமோ, அதையே இங்கே தோழமை என்ற பெயரில் செய்துகொண்டிருப்போம். ‘முடியாது’ என்று சொன்ன பிறகும் ஒருத்திக்கு அந்தப் பாயில் இடம் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். அந்தத் தோழி அடுத்த மாதமும் வந்தாள். கதை எழுதியவள் தானே திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். பெயர் சேர்ந்திருந்தது. பெயரோடு, தாயின் தனிமைக்கு இணையாக இன்னொரு தாயின் களைப்பும் கதைக்குள் வந்திருந்தது.

இத்தனை உரசலோடு ஏன் கூடி இருக்க வேண்டும் என்று கேட்கலாம். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வந்தபோது நடந்ததை எண்ணிப் பாருங்கள். வசை அவரோடு நிற்கவில்லை. மாலதி மைத்ரி, சுகிர்தராணி, சல்மா என்று பெண்ணுடலை எழுதிய பலர்மீதும் விழுந்தது. அவர்கள் ஒருவரைப் போல ஒருவர் எழுதியவர்கள் அல்லர். அவர்களுடைய பின்னணியும் மொழியும் வேறுவேறு. திட்டுகிறவர்கள் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. நம்மை ஒன்றாக்கித் தாக்கும்போது, நாம் வேறுவேறாக இருந்துகொண்டே சேர்ந்து நிற்கப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் நெருக்கடி வரும் நாளில் திடீரென்று வராது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வரும்.

இனி, கடன். பெற்ற உதவியைத் தந்தவருக்கே திருப்பித் தருவது பெரும்பாலும் நடப்பதில்லை. எனக்குக் கூலியைச் சொல்லிக் கொடுத்தவளுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. நேற்று மெய்ப்பு பார்க்கத் தொடங்கிய கல்லூரிப் பெண்ணுக்குச் சொல்ல இருக்கிறது. ஆனால் ‘அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன்’ என்று கணக்கை முடித்துக்கொள்ளவும் கூடாது. தந்தவர் பெயரை எழுத வேண்டும். எங்களில் யாருடைய நூல் வந்தாலும், படித்தவர், திருத்தியவர், தட்டச்சு செய்தவர், எழுதும் நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் ஆகியோரின் பெயர்கள் முதல் பக்கங்களில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். காசு வந்தால் அதில் பங்கு உண்டா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுகிறோம். பேசும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. பேசாமல் விட்டால் அந்தக் கூச்சத்தின் விலையை யாரோ ஒரு பெண்தான் கொடுப்பாள்.

ஆறு பேரில் ஒருத்தி இரண்டு ஆண்டுகளாக எழுதவில்லை. கைக்குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார், ஊர் மாற்றம். “எழுதாதவ எதுக்கு வரணும்?” என்று கேட்டாள். வரச் சொன்னோம். எழுதினால்தான் ஆதரவு என்றால் அது இன்னொரு வேலையிடம் ஆகிவிடும். போன மாதம் வந்தாள். மடியில் குழந்தையோடு என் கட்டுரையைப் படித்து, மூன்றாவது பத்தி தேவையில்லை என்றாள். நான் நீக்கிவிட்டேன்.